நீதிமொழிகளின் அதிகாரமும் பயனும்: தமிழ் நீதிநூல் மரபின்வழி ஒரு வாசிப்பு

விவிலிய ஞான நூல்களுள் ஒன்று தமிழில் ‘நீதிமொழிகள்’ என்னும் பெயரைப் பெற்றதனால், தமிழ் வாசகர் மனத்தில் அது நாலடியாருக்கும் ஒளவையின் சிறுநூல்களுக்கும் அருகில் இடம்பெறுகிறது. இவ்வண்மை ஒரு வினாவை எழுப்புகின்றது. பத்துக் கட்டளைகளைப் போன்று இம்மொழிகளும் ஆணையிடுகின்றனவா? அன்றி, பட்டறிந்த மூத்தோர் கூற்றாக நின்று கேட்போரின் தேர்ச்சிக்கு உட்படுகின்றனவா? பின்னதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றுவதற்கு முன்பே, 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். விவிலியம் அறியாத மக்களிடத்தும் ஒழுக்க அறிவு உண்டு என்பதற்கு இந்நூல்களை அவர் சான்றாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்புகள் காலண்டின் பதிப்பாக 1930இல் வெளிவந்தன. 1859இல் ‘நீதிநூல்’ வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் கிறித்தவரே. பின்னர் மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கியவர். அவர் தம் நூலை விவிலிய விளக்கமாக அன்றி, தமிழ் நீதிநூல்களுள் மற்றொன்றாகவே யாத்தார். அறவுரை சமய எல்லையைக் கடந்து செல்லும் என்பதை இருவர் செயலும் உணர்த்துகின்றன.

நீதிமொழிகளின் அகச்சான்றும் இதற்கு மாறன்று. 25ஆம் அதிகாரத் தொகுப்பைப் பெயர்த்தெழுதியவர்கள் எசேக்கியா அரசனின் ஆட்கள் என்று நூலே கூறுகின்றது. 31ஆம் அதிகாரத் தொடக்கம் ஒரு தாய் தன் மகனுக்குக் கற்பித்த உரை. 22ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனம் முதலான பகுதி எகிப்திய அமெனெமோபேயின் அறிவுரை நூலோடு நெருங்கிய ஒப்புமை உடையது என்பதை எர்மன் 1924இல் சுட்டிக்காட்டினார். பிற நாட்டார் மொழியையும் ஏற்றுக்கொண்ட தொகுப்பாளர், அதனால் நூலின் மதிப்புக் குன்றும் என எண்ணியதாகத் தெரியவில்லை.

இம்மொழிகளின் அதிகாரம் எத்தகையது என்பதை 26ஆம் அதிகாரத்தின் 4, 5ஆம் வசனங்கள் தெளிவாக்கும். மூடனுக்கு அவன் போக்கில் மறுமொழி கூறலாகாது என்கிறது முன்னது; கூறவேண்டும் என்கிறது பின்னது. இதனைத் தொகுத்தோரின் கவனக்குறைவு என்று கொள்வதற்கில்லை. திருக்குறளில் ‘ஊழ்’ ஓர் அதிகாரம், ‘ஆள்வினையுடைமை’ மற்றோர் அதிகாரம். இரண்டையும் படித்தவர் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுவ முற்படுவதில்லை. காலமும் இடனும் அறிந்து எதனைக் கைக்கொள்வது எனத் தெரிவதே கற்றவர் கடன். குறளில் அதிகாரங்களிடையே அமைந்த இம்முரண், நீதிமொழிகளில் அடுத்தடுத்த இரு வசனங்களிலேயே அமைந்துள்ளது. ஆகவே ஒரு மொழியைத் தனியே பிரித்தெடுத்து ‘இது வேதவாக்கு’ என முடித்துவிடுவது நூலின் அமைப்புக்கே முரணானது.

இம்முரண் வறுமையைப் பற்றிய மொழிகளில் கடுமையான விளைவைத் தருகின்றது. சோம்பிய கை வறுமையையும் சுறுசுறுப்பான கை செல்வத்தையும் தரும் என்பது 10:4இன் கருத்து. வெள்ளாற்று அணைக்கட்டை உடைய சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நெல்லோ கரும்போ குத்தகைக்குப் பயிரிடும் ஒருவரிடம் இதனை மட்டும் கூறினால், அவருடைய கடனுக்கு அவரே காரணம் என்று தீர்ப்பளித்ததாகும். 13:23 வேறு உண்மையைக் கூறுகின்றது: ஏழையின் நிலம் மிகுதியாக விளையும், ஆயினும் நீதியின்மை அவ்விளைவை அடித்துச் செல்லும். உழைப்பும் உண்டு, விளைச்சலும் உண்டு; இல்லாதது நீதி ஒன்றே.

இவ்வசனத்தின் பிற்பகுதி எபிரேயத்தில் மிகச் சுருங்கிய தொடர். எழுவாய் வெளிப்படையாக இல்லை. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு, நியாயம் தவறிக் கெட்டுப்போவோரும் உண்டு என்னும் பொருள்பட அதனைப் பெயர்த்துள்ளது. இலக்கண அளவில் அதற்கு இடமுண்டு. ஆனால் ஏழைக்கு இழைக்கப்பட்ட அநீதி அங்கே மறைந்து, கெட்டவரின் தவறு முன்னே வந்துவிடுகின்றது. 10:4க்கு எதிர்நிறுத்த வேண்டிய மொழி, அதற்குத் துணைநிற்கும் மொழிபோல் ஆகிவிட்டது. ஞானமொழி அன்றாட வாழ்வுக்குப் பயன்பட வேண்டுமாயின், எவருக்கு, எந்நிலையில் கூறப்படுகிறது என்பதோடு, எச்சொல்லால் பெயர்க்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டியுள்ளது.

வசனம் அச்சிட்ட நாள்காட்டிகளில் பத்தாம் அதிகாரத்து மொழியைப் பலமுறை கண்டிருக்கிறேன். பதின்மூன்றாம் அதிகாரத்தின் இம்மொழியை எதிலும் இதுவரை கண்டதில்லை.