நீ என்பதா, நீங்கள் என்பதா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய சனிக்கிழமை இரவு, கத்தோலிக்க நண்பர் ஒருவருடன் அவருடைய பங்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றி, அந்த ஒரு சுடரிலிருந்து நூற்றுக்கணக்கான கைகளில் இருந்த மெழுகுவர்த்திகளுக்கு ஒளி பரவிய காட்சி மறக்க முடியாதது. அதற்குப் பிறகு நடந்த பிரசங்கத்தை மறந்துவிடுவதுதான் நல்லது. முக்கால் மணி நேரம். ஒலிபெருக்கி நடுநடுவே ஊளையிட்டது. என் பக்கத்தில் ஒரு குழந்தை, பிறகு அதன் தாயார், பிறகு நான் என்று வரிசையாகத் தூங்கி விழுந்தோம்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் அங்கே வேறொரு பிரசங்கம். 'இவ்வளவு நீட்டுவானேன்?' என்றார் ஒருவர். பாட்டுக் குழுவின் புது மெட்டுக்கள் யாருக்கும் பாட வரவில்லை என்றார் இன்னொருவர். கிழவிகளுக்கு நாலு நாற்காலி போடத் தோன்றவில்லையே என்றாள் ஓர் அம்மாள். எல்லாம் நியாயமான பேச்சு. அந்தச் சமயத்தில் பங்குச் சாமியார் வெளியே வந்தார். பேச்சு சட்டென்று நின்றது. 'பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்தது சாமி' என்று முதலில் சொன்னவர், நீளத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டவரேதான்! நண்பர் என்னை அறிமுகப்படுத்தி வைத்தார். சாமியார் என்னைப் பார்த்து, 'நீங்கள் எழுதுகிறவர். எப்படி இருந்தது?' என்று கேட்டார். 'நன்றாக இருந்தது' என்றேன் நானும்.

வீடு திரும்பியதும் செகாவின் 'பிஷப்' என்ற கதையை எடுத்துப் படித்தேன். 1902-ல் வெளிவந்த கதை. அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் செகாவ் இறந்து போனார். கத்தோலிக்கக் கோயிலல்ல, ருஷ்ய வைதிகத் திருச்சபை. ஆனால் குருத்தோலைத் திருநாளுக்கு முந்திய இரவில் ஆரம்பித்து ஈஸ்டரில் முடிகிற கதை. எனக்கு அன்று வேண்டியிருந்தது அதுதான்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பியோத்தர் என்ற பிஷப்புக்கு உடம்பு சரியில்லை. ஒன்பது வருஷமாகப் பார்க்காத தாயார் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். கீழ்நிலைக் கோயில் ஊழியரான டீக்கனின் விதவை; ஏழை. புனித வாரம் முழுவதும் அவர் சடங்குகளை நடத்துகிறார். பெரிய வியாழனன்று பாதம் கழுவுகிறார், சுவிசேஷம் வாசிக்கிறார். வியாதி விஷஜுரம் என்று தெரிகிறது. ஈஸ்டருக்கு முதல் நாள் விடியற்காலையில் இறந்துபோகிறார்.

இந்தக் கதையை மரணத்தைப் பற்றிய கதை என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரியாதையைப் பற்றிய கதை இது. பிஷப்பைப் பார்க்க மனுவோடு வருகிறவர்கள் நடுங்குகிறார்கள், காலில் விழுகிறார்கள். ஒரு கிராமத்துப் பாதிரியாரின் வயதான மனைவி, பயத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச வராமல், வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போகிறாள். அந்த ஊரில் அவரிடம் மனிதனுக்கு மனிதனாகப் பேச ஒருவருமில்லை. பெற்ற தாய்கூட, மகனை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா, அவன் எதிரில் சிரிக்கலாமா கூடாதா என்று புரியாமல் திண்டாடுகிறாள். அதே தாயார் அடுத்த அறையில் ஸிஸோய் என்ற கிழத்துறவியோடு கலகலவென்று பேசிச் சிரிப்பதைப் பிஷப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்!

இந்த 'நீ', 'நீங்கள்' சங்கடம் இங்கிலீஷில் படிக்கிறவனுக்கு முழுக்க விளங்காது. ருஷ்ய பாஷையில் இரண்டும் உண்டு, நமக்கும் உண்டு. பட்டணத்தில் பெரிய உத்தியோகத்திலிருக்கும் பிள்ளையை 'வாங்க' என்று அழைக்கும் தகப்பனாரைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மரியாதை தெரியாதவர்கள் கதையில் இரண்டே பேர். ஒருவர் அந்த ஸிஸோய். எதைக் கண்டாலும் தமக்குப் பிடிக்கவில்லை என்று முணுமுணுப்பதே அவர் வழக்கம். பிஷப்புக்குச் சிரமமில்லாமல் பழக முடிகிறவர் அவர் ஒருவர்தான். மற்றொருத்தி எட்டு வயது மருமகள் காத்யா. எதை எடுத்தாலும் கீழே போட்டு உடைக்கிறவள். தாங்கள் கஷ்டப்படுவதையும் பணம் வேண்டும் என்பதையும் அவள்தான் நேராகச் சொல்லி அழுகிறாள். பாட்டி சொல்லத் துணியாத விஷயம். ஈஸ்டர் வரட்டும், பேசிக்கொள்ளலாம், உதவி செய்கிறேன் என்கிறார் பிஷப். ஈஸ்டர் வருகிறது, அவர் இல்லை. நாலு நாள் முன்னால் யாராவது வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று நம் மனசு அடித்துக்கொள்கிறது. செகாவ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விடுகிறார்.

கடைசியில், மகன் மெலிந்து சுருங்கிக் கிடக்கும்போது, தாயாருக்கு அவன் பிஷப் என்பதே மறந்துவிடுகிறது. சின்ன வயசுப் பெயரைச் சொல்லி, குழந்தையை முத்தமிடுவது போல முத்தமிட்டு, 'நீ' என்று அழைக்கிறாள். அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் ஊரின் 42 கோயில்களிலும் 6 மடங்களிலும் மணி முழங்குகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் 212-வது சட்டம் ஒன்றிருக்கிறது. தங்கள் அபிப்பிராயத்தை மேய்ப்பர்களுக்குச் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு, சில சமயம் கடமையும் உண்டு என்கிறது. மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு சொல்ல வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதினவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த மரியாதையே வாயை அடைத்துவிடும் என்பது செகாவுக்குத் தெரிந்திருந்தது. டாகன்ரோக் நகரில் கண்டிப்பான தகப்பனாரின் கீழ்க் கோயிலில் பாடி வளர்ந்தவர் அவர்.

நம் கதைகளில் வரும் குருக்களும் பாதிரியாரும் பெரும்பாலும் மகான்கள், இல்லாவிட்டால் வேஷக்காரர்கள். இரண்டும் சுலபம். மகானைக் கும்பிட்டுவிடலாம், வேஷக்காரனைத் திட்டிவிடலாம். நல்ல மனிதர் ஒருவர், தம்மைச் சுற்றியுள்ளவர்களின் வணக்கத்தாலேயே தனித்துப் போவதை எழுத நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றிரவு அந்தச் சாமியார் என் பதிலைக் கேட்டதும் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு 'சந்தோஷம்' என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார். அவர் என்னிடம் கேட்டது உபசாரத்துக்காக அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். ஊர்க்காரர்களாவது அவரோடு நாளைக்கும் காலம் தள்ள வேண்டியவர்கள். எனக்கு அந்த நிர்ப்பந்தம்கூட இல்லை. கொஞ்சம் நீளம் என்று சொல்லியிருக்கலாம்.