பாதி மனசு யாருடையது?

தவக்காலத் தியானங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் சொல் 'முழு மனசு'. சீடத்துவம் என்பது முழு மனசோடு பின்செல்வது. அரை மனசுக்காரர்களால்தான் திருச்சபை பலமிழந்து கிடக்கிறது. இதுதான் அந்தப் பேச்சின் அடிப்படைக் கட்டுமானம். ஞாயித்துக்கிழமை ஒரு முகம், தாலுகா ஆபீஸ்ல ஒரு முகமான்னு பிரசங்கி கேட்கும்போது, யாரைச் சொல்றாருன்னு பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சேரிகளில் வீட்டுக்குள் மாதா படமும் சான்றிதழில் 'இந்து'வுமாக வாழ்கிற குடும்பங்களைத்தான். இந்தச் சொல்லாடலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, இது யாரிடம் எதைக் கேட்கிறது, யாரைக் கேட்காமல் விடுகிறது என்று பார்ப்பதே என் நோக்கம்.

2024 நவம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், அரசு எழுத்தர் வேலைக்காகத் தாழ்த்தப்பட்ட சாதிச் சான்றிதழ் கேட்டார். தான் இந்துவாகவே இருப்பதாக வாதிட்டார். நீதிமன்றம் மறுத்தது. ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது, தவறாமல் கோயிலுக்குப் போகிறார், இந்து மதத்துக்குத் திரும்பியதாகப் பகிரங்க அறிவிப்போ சடங்கோ இல்லை. நம்பிக்கை ஒரு பக்கம், இடஒதுக்கீடு இன்னொரு பக்கம் என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது.

பிரசங்க மேடையும் நீதிமன்றமும் இங்கே ஒரே மொழியைப் பேசுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே உள்ளும் புறமும் ஒன்றான, பிளவுபடாத ஒரு தன்னிலையைக் கேட்கின்றன. இரண்டுக்கும் பாதி மனசு குற்றம். வேறுபாடு ஒன்றுதான்: பூசைக்குத் தவறாமல் போவதைச் சாமியார் பக்தி என்கிறார், நீதிமன்றம் அதையே எதிர்ச்சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பிளவை உண்டாக்கியது யார்? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. புதுச்சேரிக்கு 1964இல் தனி ஆணை வந்தது. அதிலும் கிறிஸ்தவருக்கு இடமில்லை. ஆக, பாகூர் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நடுகிற ஒரு தலித் பெண் 'நான் கிறிஸ்தவள்' என்று எழுதிக்கொடுத்தால், பிள்ளையின் இடஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கையைவிட்டுப் போகின்றன. சேரி மட்டும் அவளை விட்டுப் போவதில்லை. அதே கோயிலில் முன்வரிசையில் மண்டியிடுகிற உயர்சாதி நிலக்காரருக்கு இந்த வகையில் இழக்க எதுவுமில்லை. அவருடைய முழு மனசு செலவில்லாதது. ஆனாலும் மனசை அளக்கிற கோல் சேரிப் பக்கமே நீட்டப்படுகிறது.

திருச்சபையின் மனசை அளக்கப் புதுச்சேரியிலேயே பழைய அளவுகோல்கள் உண்டு. போப்பின் தூதராக வந்த துர்னோன் 1704இல் இங்கிருந்து வெளியிட்ட ஆணையில், பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் பாதிரியார் உள்ளே போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. வாசற்படியைத் தாண்டத் தயங்கியது சேரியல்ல, சபை. அந்தத் தயக்கத்துக்கு 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கிடைத்த தீர்வு, பறையர்களுக்கென்று தனி மிஷனரிகள். ஒரே கிறிஸ்து, இரண்டு வகைச் சாமியார்கள்! பாதி மனசுக்கு இதைவிடத் தெளிவான நிறுவன வடிவம் வேறென்ன இருக்க முடியும்?

அடுத்த வருஷமே பதில் வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறார். சம்பா கோவிலுக்குள் பறையர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. சேரிகளிலிருந்து மக்கள் திரண்டுபோய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்கள் மெய்யாகவே உமக்குச் சீடர்கள் என்றால் எல்லோரையும் சமமாக அல்லவா நடத்த வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சாமியார் ஒப்புக்கொண்டு சுவரை இடித்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், விவகாரம் கவர்னர் வரை போனது.

பிள்ளை வைணவர், துபாஷி. சேரிக்காரர் மீது பரிவு கொண்டு இதை எழுதியவரல்ல. என்றாலும் அவருடைய பிரதியின் இடுக்கில் அந்தக் குரல் தப்பிவந்திருக்கிறது. சீடர் என்கிற சொல்லை அந்த மக்கள் கையாண்ட விதத்தைப் பாருங்கள். பணிவுக்கான சொல்லை உரிமைக்கான சொல்லாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சீடத்துவத்தை நிரூபிக்கும் பொறுப்பு சீடனிடமிருந்து குருவுக்கு இடம் மாறுகிறது. தமிழில் ஒரு தலித் இறையியல் பேசுவதானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

சுவர் போனது, பிரிவினை போகவில்லை. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் போன்ஹோஃபரை எடுத்து நீட்டுவார்கள். நாஜிகளால் 1945இல் தூக்கிலிடப்பட்ட அந்த ஜெர்மானியர் 1937இல் வெளியிட்ட நூலில், மலிவான அருளைச் சாடி, சீடத்துவத்துக்கு விலை உண்டு என்று வாதிட்டார். வாஸ்தவம்தான். ஆனால் அவர் யாரிடம் பேசினார்? அரசின் அரவணைப்பில் சுகமாக இருந்த ஒரு சபையிடம். அதே வாதத்தைக் கொண்டுவந்து நிலமில்லாத கூலிக்காரியிடம் 'விலை கொடு' என்று சொல்வது, போன்ஹோஃபரைத் தலைகீழாக வாசிப்பது. சுவிசேஷத்திலும் விலை கேட்கப்படுவது சொத்துள்ளவனிடம்தான். சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்கு எழுதினான், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அந்தப் பாதியை யேசு முழுசாகவே ஏற்றுக்கொண்டார். கணக்கு மனசில் இல்லை, திருப்பிக் கொடுப்பதில் இருக்கிறது.

பகுத்தறிவு முகாம் நண்பர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 'சலுகைக்கு இந்து, சாமிக்குக் கிறிஸ்துவா?' என்ற கேலி அதே நீதிமன்ற மொழிதான். ஈஸ்டருக்குப் பிந்திய திருவிழாவில் வில்லியனூர் மாதா குளத்தங்கரைக்கு வருகிற சனங்களின் நம்பிக்கை தந்திரமல்ல. தாலுகா ஆபீஸில் அவர்கள் எழுதிக்கொடுப்பதும் துரோகமல்ல. ஒரு அநியாயமான ஆணைக்கும் ஒரு தயங்கிய சபைக்கும் நடுவில் உயிர்பிழைக்கும் வழி அது. அதை லட்சியமாக்கவும் வேண்டாம்: ரெண்டு பேரோடு வளர்கிற பிள்ளை எப்போதும் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

தலித் கிறிஸ்தவர், தலித் முஸ்லிம் பிரச்சினையை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. சட்டம் மாறுவது அரசின் கையில். சபையின் கையில் இருப்பவற்றுக்கு எந்த ஆணையமும் தேவையில்லை. தன் பள்ளி, கல்லூரி வேலைகளில் தலித் கிறிஸ்தவர்களுக்குரிய பங்கைப் பகிரங்கமாக அறிவிக்கலாம். கல்லறையில் ஒரே வரிசை, திருவிழாத் தேருக்குச் சேரித் தெரு, பங்குப் பேரவையில் நாற்காலி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கலாம். சான்றிதழ் மறுக்கப்பட்டு வழக்காடுகிற பெண்ணுக்கு வக்கீல் வைக்கலாம். இவற்றைச் செய்துமுடித்த பங்கிலிருந்து ஒரு சாமியார் வந்து 'முழு மனசோடு வா' என்று கூப்பிடட்டும். அதுவரை, 1745இல் சம்பா கோவில் வாசலில் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.