இலக்கணமும் இசையும்: கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம்

தமிழிற் கீர்த்தனம் இயற்றியோருள் முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகியோருக்குப் பின் வைத்தெண்ணத் தக்கவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் முதலிய ஊர்களில் வாழ்ந்து, 1896 ஆம் ஆண்டிற் சிவபதமடைந்தார். இல்லறம் புகாதவர். திருவிடைமருதூரில் இராமதாசர் என்பாரிடம் இந்துஸ்தானி இசையையும் பயின்றவர். இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் சரித்திரங்களையும் அவர் கீர்த்தனங்களாகப் பாடினார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே.

காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரரின் ஆதரவால், 1860களின் தொடக்கத்தில் இந்நூல் அச்சேறியது. அதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பன்முறை சென்றார். நூலிற் காணப்பட்ட இலக்கணப் பிழைகளும், பெரியபுராணத்தினின்றும் கதை வேறுபட்டிருந்தமையும் பிள்ளையவர்களைத் தயங்கச் செய்தன. பின்னொருநாள் பாரதியார் தம் கீர்த்தனமொன்றைத் தாமே பாடிக்கொண்டிருக்கக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்பது உ. வே. சாமிநாதையர் வாயிலாக நாம் அறியும் செய்தி. ஆயின், உருக்கம் தடையைக் கடந்ததேயன்றித் தடைக்கு விடை கூறவில்லை. அவ்விரு குற்றச்சாட்டுக்களையும் இன்று நாம் ஆராய்தல் தகும்.

முதலாவது, கதை வேறுபாடு. சேக்கிழாரின் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில், வழிவழி வந்த தொழிலுக்குரிய மானிய நிலத்தைக்கொண்டு வாழ்பவர். கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளிப்பவர். அவரை மறிப்பார் எவருமில்லை. தம் பிறப்பை நினைந்து தாமே தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்று நாட்கழிக்கின்றார். தடை அவர் நெஞ்சினுள்ளே உளது. பாரதியாரோ அத்தடையை வெளியே கொணர்ந்து அதற்கு ஓர் உருவமும் குரலும் கொடுத்தார். அவ்வுருவமே வேதியர். மானியக்காரர் பண்ணையாளாகின்றார், ‘போவேன்’ என்றவர் ‘போக விடைதருக’ என்று கெஞ்சுகின்றார். பண்ணையடிமை வேரூன்றியிருந்த சோழநாட்டு வயல்களிடையே வாழ்ந்த புலவர், தம் காலத்து வாழ்வைக் கண்டே இம்மாற்றத்தைச் செய்தார் எனல் பொருந்தும். புராணத்தினின்றும் வழுவினார் என்பது உண்மையே. அவ்வழுவே நூலின் உயிர்நிலை என்பதும் அதற்கிணையான உண்மை.

இரண்டாவது, மொழி. நொண்டிச்சிந்து, கண்ணி, இருசொல் அலங்காரம், விருத்தம் எனப் பலவகை உருக்கள் இந்நூலிற் பயில்கின்றன. விருத்தங்களிற் காணும் தளர்ச்சியைப் பிள்ளையவர்கள் சுட்டினாராயின் அதனை மறுத்தற்கில்லை. ஆனால், வயலில் நிற்கும் தொழிலாளி தன் ஆண்டையோடு பேசும் இடத்திற் பேச்சுவழக்கு வருதல் குற்றமன்று. செந்தமிழ் வந்திருப்பின் அதுவே குற்றமாகும். தில்லையின் எல்லையில் நின்று நந்தனார் பாடும் ‘வருகலாமோ’ என்னும் மாஞ்சி இராகக் கீர்த்தனத்தை நோக்குக. எளிய சொல்லால் அமைந்த வினாவே அதன் பல்லவி. பைரவியின் சாயல் தழுவிய அவ்விராகத்தின் தாழ்ந்த நடையில், அவ்வினா மீண்டும் மீண்டும் ஒலிக்கும்போது, விடை கிடையாதவன் நிலை செவிவழியே நெஞ்சிற் பதிகின்றது.

எனினும் நூலின் குறை வேறோரிடத்தில் உளது. நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவிற் பயிரிட்டு விளைவித்தாலன்றிச் சிதம்பரம் போகலாகாது என்று வேதியர் விதிக்க, இறைவனருளால் அது நிறைவேறுகின்றது. அற்புதங் கண்ட வேதியர் நந்தனார் காலில் வீழ்கின்றார். அவர் மனம் மாறுவது அடியாரின் அன்பைக் கண்டன்று; விளைந்து நிற்கும் தம் வயலைக் கண்டே. விடை தருவதா மறுப்பதா என்னும் அறச்சிக்கலை ஆண்டையே தீர்க்க வேண்டியிருக்க, அற்புதம் வந்து அவர்க்காகத் தீர்த்துவிடுகின்றது. இறுதியில் வரும் தீப்புகுதல் சேக்கிழாரிலும் உள்ளதே. ஆயினும், தடைசெய்தவனைக் கண்ணெதிரே நிறுத்திய பாரதியாரின் நூலில், தூய்மை பெறவேண்டியவர் நந்தனாரோ வேதியரோ என்னும் ஐயம் கற்போர்க்கு எழாமலிராது. அவ்வையத்தை எழுப்பிய புலவர் அதற்கு விடை தேட முற்படவில்லை.

இன்று இக்கீர்த்தனங்கள் பெரும்பாலும் கச்சேரி மேடையிலே தனித்தனியாகப் பாடப்படுகின்றன. அங்கே வேதியரும் இல்லை, வயலும் இல்லை. பக்தி ஒன்றே எஞ்சுகின்றது. கேட்போர் உருகுகின்றனர், எதன்பொருட்டு உருகுகின்றோம் என்பதை அறிகிலர். ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனத்தைக் கற்று வளர்ந்த நம் மாணவர்கள், திருநாளைப்போவார் புராணத்தையும் இக்கீர்த்தனையையும் அருகருகே வைத்து முழுமையாகக் கற்பாராக. ஒன்றில் அடியாரின் பணிவும், மற்றதில் அப்பணிவுக்கு உலகம் விதித்த விலையும் புலனாகும். பிள்ளையவர்களின் இலக்கணக் கண்ணும் வேண்டும். அவரை உருகச்செய்த செவியும் வேண்டும்.