இதில் கால் எங்கே?

யுத்தத்தைப் பற்றி எமது கவிஞர்கள் எழுதியவற்றில் குருதி நிறைய இருக்கிறது. காயத்துக்குக் கட்டும் சீலை இல்லை. இதைச் சொல்லக் காரணம், அந்தப் பிழையைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

2006 ஆகஸ்டில் மூதூரில் ஷெல்கள் விழுந்தபோது நானா ஒரு காலை இழந்தார். உறக்கம் வராத இரவுகளில் ஏழெட்டுக் கவிதைகள் எழுதினேன். சூரியன் செத்தது, பூமி அழுதது என்றெல்லாம் எழுதியதில் எனக்கு மனம் சற்று இலேசானது. வாசித்துக் காட்டினேன். நானா கேட்டார்: "நல்லாத்தான் இரிக்கி தம்பி. இதுல என்ட கால் எங்க?"

அக்கேள்வியுடன்தான் அமெரிக்கக் கவிஞர் வோல்ட் விட்மனை மீண்டும் வாசித்தேன். 1862 டிசம்பரில், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் பிரெடெரிக்ஸ்பேர்க் சமரில் அவரது தம்பி ஜோர்ஜ் காயமுற்றார். பத்திரிகையில் வந்த பட்டியலைப் பார்த்த விட்மன் உடனே புறப்பட்டார். தேடிக் கண்டபோது தம்பிக்குக் கன்னத்தில் சிறு காயந்தான். ஆனால், ஆஸ்பத்திரியாக்கப்பட்ட மாளிகையொன்றின் முன்னே, மரத்தடியில், வெட்டியகற்றிய கைகால்கள் குவிந்து கிடந்தன. அதைக் கண்டவர் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. வாஷிங்டனில் தங்கி, காயமுற்றோரின் கட்டிலருகே இருந்தார், பழம் கொடுத்தார், எழுத முடியாதோருக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதினார்.

1865இல் வெளிவந்த 'டிரம் டாப்ஸ்' தொகுதியில், காயத்துக்கு மருந்திடும் ஒருவரைப் பற்றிய கவிதை இருக்கிறது. இளையோர் கேட்க ஒரு முதியவர் சொல்கிறார். அவர்கள் வீரக்கதை கேட்கிறார்கள். அவரோ கட்டில் கட்டிலாக அழைத்துச் செல்கிறார். கழுத்து, விலா, பாதம் என்று ஒவ்வொரு காயமாகக் கழுவுகிறார். கையிழந்த வீரன் அந்த இடத்தைப் பார்க்கத் துணியாமல் கண்களை மூடியிருக்கிறான். துயரம் என்று தனியே அதிகம் சொல்லப்படவில்லை. செய்யும் வேலையே அதைச் சுமக்கிறது. தம்பியும் அதில் இல்லை. தம்பியின் காயம் பிறர் காயங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. 1861இல் முரசறைந்து யுத்தத்துக்கு அழைத்த கவிதையும் அதே தொகுதியில் உண்டு. தாம் மாறியதை அவர் மறைக்கவில்லை. எம்மில் முரசறைந்தோர் எத்தனைபேர் இப்படித் தம் பழைய கவிதையையும் பக்கத்தில் வைத்தார்கள்?

எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. அக்கவிதையில் காயமுற்றவன் பெரும்பாலும் பேசுவதில்லை. மருந்திடுபவரின் கண்ணாலேயே அவனைப் பார்க்கிறோம். கவிதை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. நானாவின் யுத்தமோ காயம் ஆறிய பிறகே தொடங்கியது. ஒழு எடுக்கும்போது கழற்றி வைக்கும் ஜெய்ப்பூர் கால், பள்ளிவாசல் படி, ஸஃப்பின் ஓரத்தில் போட்ட கதிரை. இவை பற்றி விட்மனிடம் எதுவும் இல்லை. இருக்க நியாயமுமில்லை. எழுத வேண்டியவர்கள் நாங்கள்.

எழுதுபவனின் மனம் ஆறக் கவிதை எழுதுவது குற்றமல்ல. அத்தோடு நின்றுவிட்டால் அது எழுதியவனுக்கு மட்டுமே மருந்து. என் கவிதைகள் இன்னும் கொப்பியிலேயே இருக்கின்றன. நானாவின் கேள்விக்குப் பதிலாக ஒன்று எழுதிய பின்னரே ஆசிரியருக்கு அனுப்புவேன்.