கோதிக் புனைகதையில் அரக்கர்: பிராங்கென்ஸ்டைனும் டிராகுலாவும்

கோதிக் புனைகதை 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய இலக்கிய வகை. ஹோரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஓட்ராண்டோ கோட்டை' இவ்வகையின் முதல் நாவலாகக் கருதப்படுகிறது. இக்கதைகளில் வரும் அரக்கர் அச்சமூட்டுவதற்காக மட்டும் படைக்கப்பட்டவர் அல்லர். ஒரு சமூகம் யாரைக் கண்டு அஞ்சியது, யாரை வெறுத்து ஒதுக்கியது என்பதையும் அவர்களைக் கொண்டு அறியலாம். அதற்கு ஓர் எளிய கேள்வி உதவும்: கதையில் அரக்கன் தன் தரப்பைச் சொல்ல இடம் இருக்கிறதா?

பேசும் அரக்கன்

மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பிராங்கென்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என்று பலர் எண்ணுகின்றனர். அது அவனை உருவாக்கிய விக்டரின் குடும்பப் பெயர். அரக்கனுக்குப் பெயரே இல்லை. அவன் கண் திறந்ததும் அவனது தோற்றத்துக்கு அஞ்சி விக்டர் ஓடிவிடுகிறான். அதுவரை அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

நாவலின் நடுப்பகுதியை அரக்கனே சொல்கிறான். ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, அக்குடும்பத்தின் பேச்சைக் கேட்டு மொழி கற்கிறான். இரவில் அவர்களுக்கு விறகு சேர்த்து வைக்கிறான். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கதியைக் கேட்டு அழுகிறான். ஒருநாள், வீட்டுப் பெரியவர் டி லேசி தனித்திருக்கையில் உள்ளே சென்று பேசுகிறான். அவர் பார்வையற்றவர்; குரலை மட்டும் கேட்டுப் பரிவோடு பதில் சொல்கிறார். திரும்பி வந்த மகன் பீலிக்ஸ், உருவத்தைக் கண்டதும் அவனைத் தடியால் அடிக்கிறான்.

பின்னர் அரக்கன் வில்லியம் என்ற சிறுவனைக் கொல்கிறான். அக்குற்றத்தை நாவல் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக உயிரிழப்பவள் ஜஸ்டின் என்ற பணிப்பெண். பாவ அறிக்கை கேட்ட பாதிரியாரின் மிரட்டலால், செய்யாத கொலையை அவள் ஒப்புக்கொள்கிறாள். தன்னையே அரக்கியாக நினைக்கத் தொடங்கிவிட்டதாகவும் சொல்கிறாள். விகாரத் தோற்றம் இல்லாத ஒருத்தியையும் ஊர் அரக்கியாக்கிவிட முடியும் என்பதை ஷெல்லி இங்கே காட்டுகிறார்.

நாடாளுமன்றத்தில் அரக்கன்

1824இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமைமுறை பற்றிய விவாதம் நடந்தது. அமைச்சர் ஜார்ஜ் கேனிங் இந்நாவலைக் குறிப்பிட்டுப் பேசினார். அடிமைகளை உடனே விடுவிப்பது, உடல் வலிமை பெற்றும் அறிவு முதிராத அந்த உயிரை உருவாக்குவதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். நாவலிலோ அரக்கன் மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்து, விக்டரிடம் நியாயம் கேட்கிறான். தப்பெண்ணத்தின் விளைவைக் காட்டிய கதை, தப்பெண்ணத்துக்கே சான்றாக்கப்பட்டது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறர் எழுதிய டிராகுலா

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றால் ஆனது. அவற்றுள் டிராகுலா எழுதியது என்று ஒரு நாட்குறிப்புகூட இல்லை. அவன் பேசுவதையும் அவனை அழிக்கத் துணிந்தவர்களின் பதிவு வழியாகவே அறிகிறோம்.

அவன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இலண்டனுக்கு அருகே வீடு வாங்குகிறான். தன் ஆங்கில உச்சரிப்பு அந்நியன் என்று காட்டிக்கொடுக்குமோ என்று கவலைப்படுகிறான். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இலண்டனில் குடியேறிவந்த காலம் அது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அந்நியர் சட்டம் 1905இல் வந்தது. முகத்தைக் கொண்டே குற்றவாளியை அறியலாம் என்ற லாம்ப்ரோசோவின் கொள்கையும் அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்தது. நாவலில் மினா அவர் பெயரைச் சொல்லியே டிராகுலாவைக் குற்றவாளி வகையில் சேர்க்கிறாள்.

மதிப்பீடு

டிராகுலாவை யூதரின் குறியீடு என்று மட்டும் சுருக்குவது பொருந்தாது. அவன் நிலமும் அதிகாரமும் உடைய பிரபு. நலிந்தவர் மீது அந்த அதிகாரத்தைச் செலுத்துபவன். ஷெல்லியையும் குறையற்றவராகக் கொள்ள முடியாது. அவர் நாவலில் வரும் துருக்கிய வணிகர் நன்றி மறந்த வஞ்சகராகவே சித்திரிக்கப்படுகிறார். தன் தரப்பைச் சொல்ல அவருக்கு ஒரு பக்கமும் தரப்படவில்லை. அரக்கனுக்குச் செவிசாய்த்த ஆசிரியரே இன்னொருவருக்குச் செவிசாய்க்கத் தவறியிருக்கிறார். இந்நாவல்களைப் படிக்கும் மாணவர்கள், கதை யார் வாயால் சொல்லப்படுகிறது என்பதை ஒவ்வோர் அத்தியாயத்திலும் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.