சைக்கிள் வேகத்தில் வெளிச்சம்

வெளிச்சத்தின் வேகம் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். எதுவும் இதை மிஞ்ச முடியாது என்கிறது ஐன்ஸ்டைனின் 1905-ம் வருஷத்து சார்பியல். ‘ஏன் சார், இன்னும் பெரிய இன்ஜின் மாட்டினால்?’ என்று கேட்கிற என்னைப் போன்ற பி.காம். பேர்வழிகளுக்காகவே ஒரு புத்தகம் இருக்கிறது. ஜார்ஜ் காமோவ் எழுதிய ‘மிஸ்டர் டாம்ப்கின்ஸ் இன் வொண்டர்லேண்ட்’.

காமோவ் ஒடெசாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயற்பியல்காரர். பிஜு பட்நாயக் கொடுத்த நிதியில் ஏற்பட்ட யுனெஸ்கோவின் கலிங்கா பரிசை 1956-ல் வாங்கியவர்.

கதாநாயகன் நம்ம கட்சி, பேங்க் கிளார்க். சார்பியல் சொற்பொழிவுக்குப் போய்த் தூங்கிவிடுகிறார். கனவில் ஒரு ஊர். அங்கே வெளிச்சமே கிட்டத்தட்ட சைக்கிள் வேகத்தில்தான் போகிறது. எதிரே வரும் சைக்கிள்காரன் தகடு மாதிரி தட்டையாக இருக்கிறான். டாம்ப்கின்ஸும் ஒரு சைக்கிளை எடுத்து மூச்சு வாங்க மிதிக்கிறார். வேகம் கூடுகிற வழியாக இல்லை, தெருதான் சுருங்குகிறது. ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பாட்டி, நாற்பது வயசு ஆசாமியைப் பார்த்து ‘தாத்தா’ என்கிறாள். அவர் ஓயாமல் ரயிலில் போகிறவர், அதனால் அவருக்கு வயசு மெதுவாக ஏறுகிறது.

இதில் அந்த மிதிக்கிற இடம் பிரமாதம். மிதித்தது வீண் இல்லை. வேகமாக மாறாமல் ஆற்றலாக வரவு வைக்கப்படுகிறது. ஜெனிவா அருகே 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் இன்றைக்கு நடப்பதும் இதுதான். புரோட்டானுக்கு அதன் சொந்த ஆற்றலைப் போல் சுமார் 7,000 மடங்கு ஏற்றியும், வெளிச்சத்தைவிட வினாடிக்கு 3 மீட்டர் போலப் பின்தங்கியே ஓடுகிறது. வெளிச்ச வேகத்தில் 60 சதவிகிதத்தோடு இன்னொரு 60-ஐக் கூட்டினால் இயற்கையின் கணக்கில் 120 வராது, 88 தான். ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்!

கோளாறு அந்தத் தட்டை சைக்கிள்காரனிடம். நீளம் சுருங்குவது நிஜம்தான். ஆனால் அது அளந்தால் தெரிகிற சுருக்கம். கண் பார்ப்பது வேறு. உருவத்தின் கிட்ட இருக்கும் பாகத்திலிருந்தும் தள்ளி இருக்கும் பாகத்திலிருந்தும் ஒரே சமயத்தில் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம், வெவ்வேறு சமயத்தில் கிளம்பியது. இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வேகமாகப் போகும் பந்து பந்தாகவே தெரியும். மற்ற சிறிய உருவங்கள் தட்டையாகாமல் சற்றுத் திரும்பி நிற்பது போலத் தெரியும். 1959-ல் ரோஜர் பென்ரோஸும் ஜேம்ஸ் டெரலும் தனித்தனியே இதைக் காட்டினார்கள். பென்ரோஸ், 2020-ல் கருந்துளை ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கிய அதே ஆள்.

வெளிச்சத்துக்கும் பயண நேரம் உண்டு என்று சொல்ல வந்த புத்தகம், சைக்கிளிலிருந்து கண்ணுக்கு வரும் பயண நேரத்தை மறந்துவிட்டது. சின்னத் தப்பு இல்லை இது. இருபது வருஷம் வாசகர்கள் அதை அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

அதற்காகத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். தெளிவாகப் படம் வரைந்து காட்டியதால்தான் தப்பு எங்கே என்று விரல் வைக்க முடிகிறது. மழுப்பலாக எழுதுகிறவர்களிடம் அதுகூட முடியாது. வாங்குங்கள். தட்டை சைக்கிள்காரன் பக்கத்தில் ‘அளந்தால் மட்டும்’ என்று பென்சிலால் எழுதிவிட்டு மேலே படியுங்கள். நடுவே வரும் புரொபசரின் லெக்சர்களில் கண் சொக்கினால் கவலை வேண்டாம். டாம்ப்கின்ஸுக்கே அதுதான் நடந்தது.