விதி என்று சொல்லி எழுந்துவிட்டால்

1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். 1,600-க்கும் மேற்பட்டோருக்குக் காயம். அன்று பினாங்குத் தீவில் குவான் யின் தெய்வத்தின் ஊர்வலம், புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாக் காலம். படகுக்காக நெருக்கியடித்து நின்றவர்களில் பலர் சாமி பார்க்கப் புறப்பட்டவர்கள். "அந்தச் சாமி எங்கே போனது?" என்று கேட்க எல்லா நியாயமும் உண்டு. ஆனாலும் இப்படிப்பட்ட சாவுக்குப் பிறகு சனம் போய் நிற்பது கோயில் வாசலில்தான்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ள நான் தயாரில்லை. கருமாதி வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துக்கத்தில் பேச்சற்றுக் கிடந்தவனை எழுப்பி உட்காரவைத்து, உள்ளங்கையில் எள்ளைக் கொட்டி, "தண்ணிய விடுப்பா, இன்னும் ஒரு தடவ" என்கிறார் பெரியவர். அவன் விடுகிறான். அந்த நேரத்துக்கு அவன் கைக்கு ஒரு வேலை. மூன்றாம் நாள், பதினாறாம் நாள், வருஷத் திதி என்று துக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறது வழிபாடு. ஆயர் ஈத்தாம் கேக் லோக் சி கோயிலில் குவான் யின் சிலையடியில் ஊதுபத்தி ஏற்றும் சீனப் பாட்டிக்கும் அதே ஆறுதல்தான்.

குறை வேறிடத்தில். 2018 அக்டோபர் 19 அன்று, ஆயர் ஈத்தாமை அடுத்த பாயா தெருபோங்கில், புக்கிட் குக்குஸ் சாலைப்பணியில் மண் சரிந்து 9 தொழிலாளர்கள் புதைந்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்புதான் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் 11 பேர் மண்ணோடு போயிருந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த வெளிநாட்டவர்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கவோ தொழுகைக்கு நிற்கவோ அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? சொந்தபந்தத்தைச் சுற்றியே வளர்ந்த வழிபாடு, சொந்தமில்லாத சாவைச் சட்டென்று கடந்துவிடுகிறது.

அதைவிட மோசம், "எல்லாம் விதி" என்ற சொல். இழந்தவர் சொன்னால் அது மருந்து. மேடையேறிய பிரமுகர் சொன்னால் தப்பிக்கும் வழி. வெட்டிய மலைச்சரிவு விதியால் சரிவதில்லை. படகுத்துறை இடிந்தபோது அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. தஞ்சோங் பூங்காவுக்கு மாநில ஆணையம். ஏன் நடந்தது, யார் பொறுப்பு என்று அங்கே கேட்கப்படும் கேள்வியும் செத்தவர்களுக்குச் செய்யும் கடன்தான். கூட்டுப் பிரார்த்தனைகளில் அந்தக் கேள்வி எழுவதே அபூர்வம். தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குக் காவல்துறையோடும் மாநகர் மன்றத்தோடும் உட்கார்ந்து ஒவ்வொரு தெருவாகப் பேசி முடிக்கிற நம் ஆட்களுக்கு, மலையை வெட்டும் திட்டத்தைப் பற்றி ஒரு மனு எழுதவா தெரியாது?